சைடருக்கு இனிப்பு எப்போது சேர்ப்பது

போன மாதம் எங்கள் பழைய சைடர் கூடத்துக்குப் புது இயந்திரம் வந்து இறங்கியது. பாட்டிலை ஒரு பக்கம் வைத்தால் போதும். அதுவே சூடு காட்டி, அதுவே ஆற வைத்து, மறுபக்கம் தள்ளிவிடும். பார்க்க வரச் சொல்லி வாட்ஸ்அப்பில் அழைத்தார்கள். விழுப்புரத்தில் பஸ் ஏறிப் போனேன். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி என்னை ஓரமாக அழைத்துக் கேட்டாள்.

"ஐயா, அதான் மிஷினு வந்துடுச்சே. இன்னும் எதுக்குப் பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலு வைக்கச் சொல்றாங்க? சரக்கோட எதுக்குப் பாகு பாட்டிலு அனுப்பறோம்? கேட்டா, 'ஏழுமலையக் கேளு'ன்றாங்க."

இரண்டுக்கும் நான்தான் காரணம். முதலாவது நான் செய்த தப்பினால் வந்தது. இரண்டாவது அந்தத் தப்புக்குப் பயந்து ஓடிய வழியில் கிடைத்தது. நின்ற நிலையில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதிக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் கெடார். பதினான்கு வயதில் விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், மூட்டை தைத்தேன். பிறகு லாரியில் கிளீனர். நாக்பூர் பக்கத்தில் லாரியின் பின்கதவு விழுந்து இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மீதி மூன்று விரலோடு பம்பாயில் தட்டு கழுவினேன், சூரத்தில் துணிக்குச் சாயம் போட்டேன், சிம்லாவுக்கு மேலே ஓர் ஆப்பிள் தோட்டத்தில் மூன்று பருவம் பெட்டி அடித்தேன். அங்கே குளிர் தாங்காமல் ஒரு கம்பளி வாங்கினேன். அன்றிலிருந்து அந்தக் கம்பளிதான் என் வீடு. பையில் அது இருந்தால் எந்த ஊரிலும் படுத்துவிடலாம்.

அந்தத் தோட்டக்காரர் உதிர்ந்த ஆப்பிளை நசுக்கி, புளிக்கவைத்து, வீட்டுக்கென்று சைடர் செய்வார். எங்களுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவார். வாயில் வைத்தால் முகம் கோணும். ஒரு துளி இனிப்பு இருக்காது. அவரோ கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். பழம் அவ்வளவு இனிக்கிறதே, அதன் சாறு ஏன் இப்படிப் போகிறது என்று யோசித்திருக்கிறேன். கேட்க இந்தி போதவில்லை.

எந்த இடத்திலும் நான் சேர்ந்தாற்போல் ஒரு வருடத்தைத் தாண்டியதில்லை. வேலையில் தப்பு நடந்துவிட்டால், கூலியைக்கூடக் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த லாரியில் ஏறிவிடுவேன். இப்படிச் சுற்றிச் சுற்றி, நாற்பது வயது தாண்டி, திண்டிவனம் பழ மண்டியில் ஆப்பிள் பெட்டி இறக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். பிலோமினா மேடத்தை அங்கேதான் பார்த்தேன்.

அடிபட்ட ஆப்பிளாக இரண்டு பெட்டி கேட்டார். யாரும் வேண்டாம் என்று ஒதுக்குவதை இவர் தேடி வாங்குகிறாரே என்று கவனித்தேன். ஒரு பழத்தை அவர் கையில் எடுத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அது வேணாங்க. மேல நல்லாருக்கும். உள்ள காம்புகிட்ட அழுகல்."

"வெட்டிப் பாக்காம எப்படித் தெரியும்?"

"மோந்து பாருங்க. நெல்லு ஊறவச்ச தண்ணி மாதிரி வாசன அடிக்கும்."

முகர்ந்தார். வெட்டச் சொன்னார். அழுகல் இருந்தது. "பெட்டி தூக்கறதுக்கு இவ்ளோ நல்ல மூக்கு எதுக்குப்பா?" என்றார். மறுநாள் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

மேடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வானூர் தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள் அவருக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. வீட்டில் சைடர் செய்து பழகி, பிறகு அதற்கு முறையாக உரிமமும் வாங்கியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை, திருகிப் பிழியும் இயந்திரம் ஒன்று, நீல டிரம்கள் நாலு, பழைய பீர் பாட்டில்கள். வேலைக்கு நானும் கன்னியம்மாவும் மட்டும். கன்னியம்மா வானூர்க்காரி, பாட்டில் கழுவுவாள். வாய் கொஞ்சம் நீளம்.

தோட்டக்காரரிடம் கேட்க முடியாமல் போனதற்கு மேடம் முதல் வாரமே பதில் சொன்னார். "சாறப் புளிக்க வைக்கற ஈஸ்ட்டுக்கு வேற வேலயே கெடயாதுப்பா. சக்கரயத் தின்னும். கடசித் துளி வரைக்கும் தின்னும். மீதி இருக்கறதுதான் நீ குடிச்சது." சரி, திரும்பச் சர்க்கரை போட்டால்? "அதையும் தின்னும். தின்னுட்டு காத்து விடும். மூடிபோட்ட பாட்டிலுக்குள்ள காத்து எங்க போவும்?"

இதைச் சமாளிக்க மேடம் ஒரு முறை வைத்திருந்தார். டிரம்மில் புளித்து முடிந்த சைடரில் பாகு கலப்போம். பாட்டிலில் ஊற்றி மூடி போடுவோம். கடைசியாக ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் அதே சைடரை நிரப்புவோம். கண்ணாடியை அமுக்கிப் பார்க்க முடியாது, பிளாஸ்டிக்கை முடியும். முதலில் கொழகொழவென்று இருக்கும். உள்ளே காற்று சேரச் சேர விறைக்கும். கல் மாதிரி ஆனதும், "போதும், நுரை வந்துவிட்டது" என்று அர்த்தம். உடனே எல்லா பாட்டிலையும் அண்டாவுக்குள் துணி விரித்து அடுக்கி, வெந்நீரில் சூடு காட்டி, ஈஸ்ட்டைக் கொன்றுவிடுவோம். அப்புறம் இனிப்பு இனிப்பாகவே இருக்கும், பாட்டிலும் வெடிக்காது. அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மேடம் வைத்த பெயர் சாட்சி.

ருசி பார்ப்பது காலை பத்து மணிக்கு. அன்று தலையில் எண்ணெய் கூடாது, பூ கூடாது, வெற்றிலை கூடாது, எட்டு மணிக்கு மேல் எதையும் தின்னக் கூடாது. நாலு கிளாஸில் ஒரே அளவு சைடர். ஊசி இல்லாத சிரிஞ்சில் பாகை எடுத்து, ஒன்றில் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போவார். கிளாஸ்களை ஐஸில் வைத்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். ஒருமுறை நான் அவசரப்பட்டு ஐஸில் வைக்காமல் ருசித்து, இனிப்பு சரியாக இருக்கிறது என்றேன். அதையே குளிர வைத்துக் கொடுத்தார். இனிப்பு எங்கோ ஒளிந்துகொண்டது, புளிப்புதான் முன்னால் வந்து நின்றது. குடிக்கிறவன் குளிர வைத்துத்தானே குடிப்பான்!

ருசித்ததும் பேசக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். 'நல்லா இருக்கு' என்று எழுதினால் சீட்டு திரும்பி வரும். "நல்லா இருக்குன்றது ருசி இல்ல, மரியாதை. நாக்குல என்னா நடந்துச்சுன்னு எழுது" என்பார். ஒருநாள் நான் எழுதினேன்: 'வாசல் பெருசா இருக்கு. உள்ள போனா ஆள் இல்ல.' மேடம் அதை இரண்டு முறை படித்தார். பிறகு சீட்டை எடுத்துப்போய்ச் சுவரில் ஒட்டினார்.

உண்மையில் அதுதான் எங்கள் சைடரின் நோய். கடையில் விற்கும் ஆப்பிள் தின்பதற்கென்று வளர்த்தது. இனிப்பு உண்டு, துவர்ப்பு கிடையாது. சர்க்கரை போனபின் அந்தச் சாற்றில் நாக்கைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. இனிப்பைக் கூட்டிப் பார்த்தோம், சர்க்கரைத் தண்ணீர் ஆயிற்று. எலுமிச்சை பிழிந்தோம், ஜூஸ் கடை வாசனை வந்தது. தேயிலை ஊறவைத்து ஊற்றினோம், டீ வாசனை வந்தது. ஒரு வருடம் இப்படியே போயிற்று. என் கணக்குப்படி நான் கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆனால் விடை தெரியாமல் போக மனமில்லை.

சித்திரை மாதம் ஒரு காலை. சீட்டுகளைப் பிரித்த மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் சீட்டில் வழக்கம்போல் 'ஆள் இல்ல'. கன்னியம்மாவின் சீட்டில், 'இன்னிக்கு கெட்டியா பிடிக்குது. மூணாவது கிளாசு சூப்பர்.'

மேடத்துக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். "கன்னியம்மா, நீங்க காலையில என்னா சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல மேடம்."

"வாயத் தொறங்க."

"அய்ய, இன்னா மேடம் நீங்க, மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி..." என்று இழுத்தவள், ஒப்புக்கொண்டாள். "வர்ற வழியில முந்திரித் தோப்புல ஒரு பழம். உப்பு தொட்டுக்கினேன். ஒண்ணே ஒண்ணு!"

முந்திரிப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், சாறு தொண்டையைக் கவ்வும், நாக்கு தடித்துப்போகும். வானூர்ப் பக்கம் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே போட்டுவிடுவார்கள். மேடம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம்.

"ஏழுமலை, ஓடு!"

சைக்கிளில் பறந்தேன். ஒரு வாளி பழம் வந்தது, பிழிந்தோம், சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டோம். இரண்டாவது கிளாஸில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் லேசாக ஏதோ. நாலாவது கிளாஸை உறிஞ்சியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆப்பிள் வாசனை முதலில் வந்தது, இனிப்பு வந்தது, பிறகு அந்தத் துவர்ப்பு வந்து இரண்டையும் கையைப் பிடித்து உட்காரவைத்தது. சீட்டு எழுதவே மறந்து கத்திவிட்டேன்: "மேடம், வூட்டுல ஆள் வந்துட்டாங்க!"

"விதிய மீறுனது நானு, குதிக்கறது அண்ணனா?" என்றாள் கன்னியம்மா.

அந்தச் சந்தோஷத்தில்தான் மேடம் புதுச்சேரியில் ஓர் ஓட்டலுக்குச் சரக்கு வாங்கும் தாமோதரன் என்பவரை அழைத்தார். அவரும் வெள்ளிக்கிழமை ருசி பார்க்க வருவதாகச் சொன்னார். இதற்கு முன் வந்த ஓட்டல்காரர்கள் எல்லாரும், இனிப்பில்லாததை யார் குடிப்பார்கள் என்று திரும்பிப் போனவர்கள். மேடம் எங்களிடம் ஒளிக்கவில்லை. "இவரும் வேணாம்னுட்டா மூடிடலாம். நான் விழுப்புரத்துல தம்பி வூட்டுக்குப் போறேன். உங்களயும் சும்மா இழுத்துப் புடிச்சிக்கினு இருக்க முடியாது." கன்னியம்மாவுக்கு வேறு வேலை என்றால் சித்தாள் வேலைதான். எனக்கு எப்போதும் போல லாரி.

நாலு டிரம்மில் இரண்டில்தான் புளித்து முடிந்த சைடர் இருந்தது. அதில் ஒன்றுக்குப் பாகும் முந்திரிச் சாறும் கலந்தோம். எழுபது பாட்டில் வந்தது. கொட்டகையில் அடுக்கினோம். சாட்சி பாட்டிலை என்னிடம் கொடுத்து, "இது உன் பொறுப்பு" என்றார் மேடம்.

பொறுப்பாகத்தான் செய்தேன். கொட்டகைக்குள் வைத்தால் வேலை மும்முரத்தில் மறந்துவிடுவேன். வாசலில் வேப்பமரத்தடியில் குடிதண்ணீர்த் தொட்டி இருந்தது. நாளைக்கு இருபது முறை அங்கே தண்ணீர் மொண்டு குடிப்பேன். தொட்டியை ஒட்டி வைத்தால் குடிக்கும்போதெல்லாம் அமுக்கிப் பார்க்கலாமே! அப்படியே வைத்தேன். ஒவ்வொரு முறையும் அமுக்கினேன். முதல் நாள் கொழகொழ. இரண்டாம் நாள் கொழகொழ. புதன்கிழமை காலை லேசாக விறைப்பு. "இன்னும் ஒருநாள் ஆகும் மேடம்" என்றேன்.

புதன் மதியம் முதல் பாட்டில் வெடித்தது.

கன்னியம்மா கொட்டகைக்குள் இருந்தாள். வெளியே ஓடிவருவதற்குள் இன்னும் இரண்டு வெடித்தன. முன்கையில் கண்ணாடி கிழித்து ரத்தம் வழிந்தது. மேடம் சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தபடி சொன்னார்: "யாரும் உள்ள போவக் கூடாது. ஏழுமலை, சாக்கு நனைங்க. மீன் வண்டிக்காரர்கிட்ட ஐஸ் எவ்ளோ இருந்தாலும் வாங்கியாங்க."

நனைங்க. வாங்கியாங்க. என்னிடமும் மரியாதை ஏறிவிட்டது.

ஐஸ் வந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஒரு கதவுப் பலகையைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்து, ஈரச் சாக்குகளைப் பாட்டில்கள் மேல் வீசினேன். அதன் மேல் ஐஸைக் கொட்டினோம். குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் இறங்கும். அதற்குள் கன்னியம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நாலு தையல் போட்டு வந்தோம். பிறகு நானும் மேடமும் ஒவ்வொரு பாட்டிலாகத் துணி சுற்றி மூடியைத் தளர்த்தினோம். எல்லாம் பீறிட்டுத் தரையில் கொட்டியது. மிஞ்சியதிலும் கண்ணாடித் தூள் இருக்குமோ என்று அத்தனையையும் ஊற்றிவிட்டோம்.

கடைசியில் மேடம் கேட்டார். "சாட்சிய எங்க வச்சீங்க?"

காட்டினேன். அவர் தொட்டியைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. சிமென்ட் ஷீட்டைத் தொட்டுப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போனார். கண்ணாடி பாட்டிலெல்லாம் அடுப்பில் நிற்க, சாட்சியை நிழலில் உட்காரவைத்து விசாரித்திருக்கிறேன் நான்.

பையில் இரண்டு சட்டை, கம்பளி. கிளம்பிவிட்டேன்.

பஸ் பிடித்து மயிலம் வழியாகக் கூட்டேரிப்பட்டில் இறங்கியபோது மணி ஐந்து இருக்கும். வெயில் இன்னும் தணியவில்லை. நெடுஞ்சாலையில் வடக்கே போகும் லாரிக்குக் கை காட்டியபடி ஒரு சர்பத் கடை ஓரம் நின்றேன். ஒரு காரிலிருந்து குடும்பமாக இறங்கினார்கள்.

"சுகர் இருக்குதுப்பா. எனக்குப் பாகு காமிச்சாப் போதும்" என்றார் பெரியவர்.

"எனக்கு நல்லா ஊத்துங்கண்ணா" என்றாள் மருமகள்.

"ஊத்திக்கினே இருப்பேம்மா, போதும்னு நீங்கதான் சொல்லணும்" என்று கடைக்காரர் கிளாஸில் நன்னாரிப் பாகைச் சாய்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றேன். பாகு தனி. தண்ணீர் தனி. இரண்டும் கிளாஸில்தான் சந்திக்கின்றன. குடித்து முடிக்க இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் எந்த ஈஸ்ட் என்ன தின்றுவிடும்? இனிப்பைப் பாட்டிலுக்குள் யார் போடச் சொன்னது! பாகு கலக்காத இன்னொரு டிரம் அப்படியே இருக்கிறதே!

ஒரு லாரி வந்து நின்றது. நாக்பூர் வண்டி. "ஜல்தி ஏறுய்யா" என்றார் டிரைவர்.

"நான் வர்ல!"

"அப்பறம் எதுக்குய்யா கை காட்டுன? பேஜாரு புடிச்ச ஆளு" என்று திட்டிவிட்டுப் போனார். நான் அதற்குள் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன்.

மேடம் வாசலில் உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா கட்டுப்போட்ட கையோடு பக்கத்தில். என் பையைப் பார்த்தார்கள்.

"அண்ணன் ஊருக்குப் போய்ட்டு அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றாள் கன்னியம்மா.

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். மேடத்தின் முகம் இறுகியது. "சைடர் என்னா சர்பத்துங்களா? வெவரம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க."

"வெவரம் தெரிஞ்சவங்க யாரும் இதுவரைக்கும் வாங்கலியே மேடம்" என்றாள் கன்னியம்மா.

மேடம் எழுந்தார். "கிளாஸ் எடு. நாலு."

வியாழன் முழுக்க அடுப்படியில் கிடந்தோம். சர்க்கரைப் பாகு வேண்டாம் என்று மேடமே சொல்லிவிட்டார். புது ஆப்பிள் சாற்றை அகலச் சட்டியில் ஊற்றி, தேன் பதம் வரும்வரை வற்றவைத்தோம். இறக்கும் நேரத்தில் முந்திரிச் சாற்றை விட்டு ஒரு கொதி. முதல் சட்டி தீய்ந்தது. இரண்டாவது துவர்ப்பு ஏறிப்போயிற்று. மூன்றாவது சட்டி பொன்னிறமாக வந்தது. கன்னியம்மா கரண்டியை வழித்துவிட்டு, எழுதாமலே சொன்னாள்: "கைய வெட்டுனதுக்கு இதுதான் மேடம் ஈடு."

வெள்ளிக்கிழமை தாமோதரன் வந்தார், ஓட்டலின் தலைமைச் சமையல்காரரையும் அழைத்துக்கொண்டு. இனிப்பில்லாத சைடரை ஐஸில் குளிரவைத்து ஊற்றினோம். பக்கத்தில் பாகு, ஒரு சிறு கரண்டி.

"இன்னாங்க, பொங்கவே காணோம்?" என்றார் தாமோதரன்.

"இது அமைதியான ரகம்" என்றார் மேடம், கண்ணைச் சிமிட்டாமல்.

தாமோதரன் பாகில்லாமல் குடித்து, ரசித்துத் தலையை ஆட்டினார். சமையல்காரர் தன் கிளாஸை வாயில் வைத்துத் துப்பாத குறை. ஒரு கரண்டி விட்டார். இன்னொன்று. மூன்றாவது கரண்டியில் முகம் மலர்ந்தது. "சார், இத குடிச்சுப் பாருங்க" என்று நீட்டினார். "போய்யா, பாயசம் மாதிரி பண்ணி வச்சிக்கினு" என்றார் தாமோதரன். இரண்டு பேரும் எங்களை மறந்து சண்டை போட்டார்கள். ஆனால் இருவர் கிளாஸும் காலி! இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

"என் ஓட்டல்லயும் இந்தச் சண்டதான் நடக்கும்" என்று சிரித்தார் தாமோதரன். "நடக்கட்டும். பாகோட சேத்தே அனுப்புங்க. மாசாமாசம்."

அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டியதும், மேடம் தன் கிளாஸில் சத்தமில்லாமல் இரண்டு கரண்டி பாகு விட்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நுரை கேட்பவர்களுக்கும் வேண்டுமே என்று, மீதிச் சைடரில் பாகு கலந்து சில பெட்டிகள் போட்டோம். இம்முறை பெட்டிக்கு ஒரு சாட்சி, கண்ணாடி பாட்டில்களுக்கு நடுவில், அதே சூட்டில். இரண்டாம் நாளே கல் மாதிரி விறைத்தது. உடனே அண்டாவில் சூடு காட்டி எடுத்தோம். சூடான பாட்டில்மேல் காற்று பட்டால் விரிசல் விடும், மெதுவாக ஆற வேண்டும். மேடம் சுற்றிப் பார்த்தார். சாக்கெல்லாம் ஈரம். மூலையில் என் பை இன்னும் பிரிக்காமல் கிடந்தது.

"அதுல என்னாப்பா இருக்கு?"

"ரெண்டு சட்ட. ஒரு கம்பளி."

"கம்பளிய எடு. பாட்டில் மேல போத்து."

போர்த்தினேன். அடுத்த வாரமும் போர்த்தினோம், அதற்கடுத்த வாரமும். கம்பளி இல்லாமல் நான் வடக்கே எங்கே போவது? பதினான்கு வருடம் அங்கேயே இருந்துவிட்டு, ஓய்வெடுக்கத்தான் விழுப்புரம் வந்தேன்.

எனவே, தங்கச்சி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இயந்திரம் சூடு காட்டும், எப்போது காட்ட வேண்டும் என்று அதற்குத் தெரியாது; சாட்சியைப் பெட்டிக்குள்ளேயே வை. இனிப்பு எவ்வளவு என்பதைக் குடிக்கிறவர் கிளாஸில் தீர்மானிக்கட்டும்.

அன்று இயந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, கன்னியம்மா ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். துவைத்து மடித்த கம்பளி. "மிஷினே ஆற வச்சிடுதுண்ணா. இனிமே இது எதுக்கு எங்களுக்கு?" அத்தனை முறை துவைத்தும் ஆப்பிள் வாசனை போகவில்லை.

விழுப்புரம் வந்ததும் நேராக ரயில் நிலையத்துக்குப் போனேன். ஆவணியில் சிம்லாவில் ஆப்பிள் பறிப்பு தொடங்கும். டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்தத் தோட்டக்காரர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அவர் பிள்ளையிடம், முகம் கோணவைக்கும் அந்தச் சைடரில் ஒரு டம்ளர் வாங்க வேண்டும். முந்திரிப் பாகு ஒரு பாட்டில் பையில் இருக்கிறது. உடையாமல் இருக்கக் கம்பளியில் சுற்றியிருக்கிறேன்.